பட்டியலில் நான் விட்ட வீடு

என் நைனாவுக்கு,

நேற்று கோயிலில் உன் கல்யாண ஓலையை இரண்டாவது தடவையும் வாசித்துவிட்டார்கள். பூசை முடியும் நேரத்தில் சாமியார் மைக்கைப் பிடித்து, இன்னார் மகன் இன்னார், மீஞ்சூர் பங்கைச் சேர்ந்த இன்னார் மகள் ஷெரினை மணக்க இருக்கிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லவும் என்று படித்தார். உன் பெயர் காதில் விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கோயிலே உட்கார்ந்திருக்கிறது, நான் மட்டும் தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி நிற்கிறேன். உன் டாடி புடவையைப் பிடித்து இழுத்து, "குந்துமே, தடை சொல்லத்தான் எழுந்துகினன்னு நெனச்சிக்கப் போறாங்க" என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒரே பிள்ளையைப் பெற்றவள் ஓலை வாசிக்கும்போது எழுந்து நிற்காமல் வேறு எப்போது நிற்பாள்?

வீட்டில் யாருக்கும் ஒரு நிலையில் கால் நிற்கவில்லை. உன் டாடி ஆட்டோவுக்குப் புதுசாக மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார். மாப்பிள்ளையை அதில்தான் கோயிலுக்கு அழைத்துப் போவாராம், கார் பிடிக்கலாம் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. கல்யாணத்துக்கு வாங்கின ஷூவை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்து பழகுகிறார், கடிப்பதானால் இப்போதே கடித்துவிடட்டும் என்று. இதை எழுதும்போதும் பக்கத்து அறையில் டக் டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நானோ, பிரியாணிக்கு ஆள் சொல்லியாயிற்றா என்று அவரிடம் கேட்டுவிட்டு, அவர் ஆயிற்று என்று சொன்ன பிறகு, போன் போட்டு பிரியாணிக்காரரிடமும் கேட்கிறேன். இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் நேற்று மத்தியானம் நீ போன் செய்தாய்.

யார் யாருக்குப் பத்திரிகை கொடுத்தாயிற்று என்று கேட்டாய். நானும் கூப்பிடவேண்டியவர்கள் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தேன். பிலோமினா பெயர் வந்ததும் நீ, "மம்மி, பிலோ ஆன்ட்டி வேணாம். ஷெரின் வூட்ல ஒரு மாதிரி நெனப்பாங்க. கண்ணாலம் முடிஞ்சி ஒரு நாள் அவங்கள வூட்டுக்குக் கூப்டு சாப்பாடு போட்டுக்கலாம்" என்றாய். நான், "கொழம்பு அடுப்புல கீது, அப்பறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குழம்பு எதுவும் இல்லை. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், கோபத்தில் சொல்லவேண்டியது விட்டுப்போகும். அதனால்தான் பழைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதுகிறேன். இருபது வருஷமாக உன்னிடம் சொல்லாத இரண்டு விஷயம் இதில் இருக்கிறது. உட்கார்ந்து படி.

பிலோ உனக்கு இட்லி ஆன்ட்டி. விடிவதற்கு முன் எழுந்து இட்லி வேகவைத்து, அடுக்கில் எடுத்துக்கொண்டு, துறைமுகத்துக்குள் போக எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்குக் கொண்டுபோய் விற்கிறவள். கோயிலில் உன் உறுதிபூசுதல் சடங்குக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தவள். அதற்கெல்லாம் முன்னால், அவள் புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்ட பிறகு, அதே வரிசையில் வேறு விதமாகப் பிழைத்தாள். லாரிகளுக்குள் ஏறி இறங்கிப் பிழைத்தாள். இதை உனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கமாட்டார்கள், ஆனால் நம் தெருவில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாமலும் இருக்காது. தெருவில் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. "அந்த மாதிரி" என்று உதட்டைச் சுழித்தால் போதும், முடிந்தது. நானும் சுழித்தவள்தான்.

அப்போது நீ இரண்டாம் வகுப்பு. தெருவில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்கிறோமே, அந்த அன்பியத்துக்கு நான்தான் தலைவி. சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவளுக்குப் பட்டியல் போடச் சொல்லித்தர வேண்டுமா? அக்டோபர் ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும், மறுநாள் சாயந்தரம் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு பாட்டுப் பாடி அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போவோம். எந்த நாள் எந்த வீடு என்று எழுதி ஒட்டவேண்டியது என் பொறுப்பு. அந்த வருஷம் நம் அன்பியத்தில் சரியாக முப்பத்தோரு வீடு, மாதத்துக்கு முப்பத்தோரு நாள். மாதாவே பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. அந்த முப்பத்தோரு வீட்டில் ஒன்று பிலோவுடையது.

தண்ணீர் லாரி வந்து நின்ற ஒரு காலையில் குடத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, என் வூட்டுக்கு எப்போக்கா மாதா வருது?" என்று கேட்டாள். "லிஸ்ட் போட்டுகினு கீறேன், சொல்றேன்" என்றேன். அன்று சாயந்தரமே இரண்டு வீட்டுக்குப் போய், பிலோ வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்டேன். "அந்த வூட்டுக்குள்ளயா? நாங்க வர்ல" என்றார்கள். இவ்வளவு காலம் நான் என் மனசாட்சிக்கு அவர்களைத்தான் சாட்சி காட்டிக்கொண்டிருந்தேன், ஜனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, நான் என்ன செய்வேன் என்று. ஆனால் நைனா, மற்ற முப்பது வீட்டைப் பற்றி நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லையே. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் கேட்கப் போனேன். அதுவும் யார் மாட்டேன் என்பார்களோ அவர்கள் வீடாகப் பார்த்துப் போனேன்.

அவள் வீட்டை விட்டதும் ஒரு நாள் மிச்சமாயிற்று. அந்த நாளை என்ன செய்தேன் தெரியுமா? நம் வீட்டுக்கே எழுதிக்கொண்டேன். முதல் நாளும் நம் வீடு, கடைசி நாளும் நம் வீடு. பட்டியலைப் பார்த்த சாமியார், ரெண்டு நாள் மாதாவை வைத்துக்கொள்கிற பக்தியான குடும்பம் என்று பூசையிலேயே சொன்னார். நான் தலையைக் குனிந்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். மாதாவை ஒருத்தி வீட்டிலிருந்து திருடி என் வீட்டில் வைத்துக்கொண்ட திருடி நான். இதுதான் முதல் விஷயம்.

பட்டியலில் பதினேழாவது வீடு பிலோ வீட்டுக்கு இந்தப் பக்கம், பதினெட்டாவது அந்தப் பக்கம். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாதவள், வரிசையாகத்தானே வருகிறார்கள், அடுத்தது நம் வீடு என்று நினைத்துக்கொண்டாள். நாங்கள் பாடிக்கொண்டு வருகிறோம், அவள் வாசலில் ஒரு மேஜை. மேஜையில் வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. கதவுக்குப் புதுப் பச்சை பெயிண்ட், பெயிண்ட் வாசனை தெருவரைக்கும் வருகிறது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கைகூப்பி நிற்கிறாள். நான்தான் முன்னால் நடந்தேன். நான் நின்றிருந்தால் எல்லாரும் நின்றிருப்பார்கள். நான் அடுத்த பாட்டைச் சத்தமாக எடுத்துவிட்டு நடையை எட்டிப் போட்டேன். சுரூபம் அவள் மேஜையைத் தாண்டிப் போயிற்று. மெழுகுவர்த்திக்காரர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.

அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. பதினெட்டாவது வீட்டில் ஜெபம் முடிந்து வெளியே வந்தால், ஒரு பெரிய சுண்டல் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "இத்தினி பேருக்குப் பண்ணிக்கீறேன்க்கா, வீணா போவ வேணாம், ஆளுக்கொரு கை துன்னுட்டுப் போங்க" என்றாள். சிலர் வாங்கினார்கள், சிலர் கவனிக்காத மாதிரி போனார்கள். நான் ஒரு தாளில் பொட்டலமாக வாங்கிக்கொண்டேன், நன்றியும் சொன்னேன், சிரித்தேன். தெருமுனை வந்ததும் யாரும் பார்க்காதபோது பொட்டலத்தோடு ஓரமாகப் போட்டுவிட்டு வந்தேன். மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிப் போனவர்கள் என்னைவிட மேல்.

இப்போது இரண்டாவது விஷயம். உன் டாடியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஷூ நடையை நிறுத்தினார். பிறகு, "எழுது. கண்ணாலத்துக்கு மின்னாடி அவனுக்குத் தெர்யட்டும். என்னால வாய் வுட்டு சொல்ல முடியாது" என்றார். நீ இரண்டாவது படித்தபோது டாடி வேலைக்காக விசாகப்பட்டினம் போயிருக்கிறார் என்று உன்னிடம் சொன்னோம். பெரியவனானதும், அது ஜெயில், பொய்க் கேஸில் மாட்டிவிட்டார்கள் என்று திருத்திச் சொன்னோம். அதுவும் பொய், நைனா. கேஸ் பொய்க் கேஸ் இல்லை. உன் டாடி அப்போது ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் நின்று, வெளியே போகும் பெட்டிகளில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலையில் இருந்தார். சரக்கு திருடுவதற்காகச் சீல் உடைத்த பெட்டிகளை, காசு வாங்கிக்கொண்டு, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு வெளியே விட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. வறுமை என்று சொல்ல மாட்டேன், வயிறு நிறையத்தான் சாப்பிட்டோம். ஒரு பைக் மேல் ஆசை. நீ முன்னால் டேங்கில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே போவாயே, அந்தச் சிவப்பு பைக். அது எங்கே போயிற்று என்று நீ ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாய்.

தவக்காலத்தில் ஒரு நாள் வந்து கூட்டிப்போனார்கள். நாற்பது நாளுக்கு மேல் உள்ளே இருந்தார். அந்த வாரம் புதன்கிழமை அன்பியக் கூட்டம் நம் வீட்டு முறை, என் கையால் நானே எழுதி ஒட்டின முறை. ரத்து செய்துவிடலாமா என்று யோசித்தேன், பிறகு வீம்பு வந்துவிட்டது. பாய் விரித்தேன், நாற்காலி போட்டேன், மெழுகுவர்த்தி ஏற்றினேன், சுண்டலும் செய்தேன். ஏழு மணி ஆயிற்று, ஏழரை ஆயிற்று. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும், நம் கதவருகே வந்ததும் வேகம் எடுக்கும். நான் பாட்டைச் சத்தமாக எடுத்துவிட்டு நடந்த அதே வேகம். கதவைச் சாத்தவும் மனசு வரவில்லை, திறந்துவைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. அப்போது பிலோ வந்தாள். முக்காடு போட்டிருந்தாள். செருப்பை ஓரமாக விட்டு, பாயில் உட்கார்ந்து, "இன்னாக்கா, ஆரம்பிக்கலாமா?" என்றாள். முப்பது பேர் வந்திருக்கும் கூட்டத்தில் கேட்பதுபோல் கேட்டாள். நான் நற்செய்தி வாசித்தேன், பாதியில் விட்ட இடம் தெரியாமல் முதல் வரியிலிருந்து திரும்ப வாசித்தேன். அவள் அவசரப்படவில்லை. ஜெபம் முடிந்ததும் சுண்டலை இரண்டு தட்டில் போட்டு, ஒன்றை அவள் சாப்பிட்டாள், இன்னொன்றை எனக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். மீதியைத் தன் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, "காலைல லாரிக்காரனுங்களுக்குக் குடுத்துர்றேன், உன் கை சுண்டல் வீணா போவக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். அப்படித்தான் தோஸ்து ஆனோம். நான் பெரிய மனசு பண்ணி அவளைச் சேர்த்துக்கொண்டேன் என்றுதான் கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புத்தி வேறு சொன்னேன், இரண்டு வருஷம் விடாமல் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சர்தாங்க்கா, நாளிக்கு மீன் வாங்கப் போலாமா?" என்பாள். அந்தத் தொழிலை அவள் விட்டது என் புத்திமதியால் இல்லை. ஒரு நாள் அவளாகவே முடிவு செய்து, அவளாகவே இட்லிக் குண்டான் வாங்கினாள். எனக்குச் செய்தி மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவள் விட்ட பிறகு நான் சிநேகமாகவில்லை, சிநேகமானபோது அவள் விட்டிருக்கவில்லை. இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். திருந்தினால் பழகுகிறேன் என்பது சிநேகம் இல்லை, அது வேலைக்கு ஆள் எடுப்பது.

மறுவருஷம் அக்டோபரில் கடைசி நாளுக்கு அவள் வீட்டை எழுதினேன். நம் வீட்டுக்கு ஒரே நாள்தான். ஏழு பேர் வந்தார்கள், அந்தப் பச்சைக் கதவுக்குள் மாதா போனாள், பிலோ இரவு முழுக்க விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்று கேள்விப்பட்டேன். சரி, கணக்கு நேராயிற்று என்று நினைத்தேன். ஆகவில்லை. பல வருஷம் கழித்து ஒரு நாள் இரண்டு பேரும் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். என்னவோ தோன்றிற்று, கேட்டேன்: "அன்னிக்கு நீ மட்டும் இன்னாத்துக்குடி வந்தே? அவரு தப்பு பண்ணலேன்னு நம்பிட்டியா?"

"பண்ணாருன்னு தெர்யும்க்கா" என்றாள். "சரக்கு ஏத்திகினு போனானே, அந்த டிரைவரே எங்கிட்ட சொல்லிகீறான். அவங்க புடிக்கறதுக்கு மின்னாடியே எனக்குத் தெர்யும்."

தெருவில் பாதிப் பேர் உன் டாடி நிரபராதியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே வராமல் இருந்தார்கள். இவள் ஒருத்திக்குத்தான் குற்றம் முழுசாகத் தெரியும், இவள் ஒருத்திதான் வந்தாள். அதோடு, இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை வெளியே விடவில்லை, என்னிடம்கூட.

"தெர்ஞ்சுமா வந்தே?" என்றேன்.

"அதுக்கு இன்னா இப்போ? நீ கதவத் தொறந்து வெச்சிகினு தனியா குந்திகினு இருந்தே. நான் அந்த மாதிரி குந்தினு இருந்துகீறேன், எனக்குத் தெர்யாதா?"

அந்தச் சமயத்தை விட்டால் இனி சொல்ல மாட்டேன் என்று, சுண்டலைத் தெருமுனையில் போட்டதையும் சொல்லிவிட்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ தடவை சொன்னது, அவளிடம் சொன்னதில்லை. பிலோ மீன்பையை மடியில் சரிசெய்துகொண்டே சொன்னாள், "பார்த்தேன்க்கா. காலைல தண்ணி புடிக்க வந்தப்போ காக்கா துன்னுகினு இருந்திச்சி. நல்லாத்தான் துன்னுச்சி." சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அழுதேன் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆண்டவர் பாவிகள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார் என்று கோயிலில் எத்தனை தடவை கேட்டிருப்போம். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நான் ஆண்டவர் உட்கார்ந்த பக்கம் உட்கார்ந்துகொள்வேன். நான்தானே பிலோவோடு பழகுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்த பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது, அந்தக் கதையில் வீடு என்னுடையது, பாவி நான், வந்து உட்கார்ந்து என் சுண்டலைச் சாப்பிட்டது அவள். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெரிய சந்தோஷமாக இருந்தது. என் குறை எல்லாம் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் மீன்பையோடு உட்கார்ந்திருக்கிறாள், திருவொற்றியூர் வரை கூடவே வருவாள் என்பதைவிட ஒரு மனுஷிக்கு வேறென்ன வேண்டும், சொல்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னதும் நேற்று சாயந்தரமே ஷெரினுக்குப் போன் போட்டேன். சண்டை மூட்டவில்லை, பயப்படாதே. எங்கள் தெரு பிலோவைக் கூப்பிட்டால் உங்கள் வீட்டில் ஏதாவது நினைப்பார்களா என்று மட்டும் கேட்டேன். "போன சனிக்கிழமை பிளவுஸ் அளவு குடுக்க வந்தப்ப இட்லி குடுத்தாங்களே, அவங்களா? எங்க வீட்ல அவங்களை யாருக்கும் தெரியவே தெரியாது ஆன்ட்டி. யாரு என்ன நினைக்கப் போறாங்க?" என்றாள் அந்தப் பெண். ஆறு இட்லி சாப்பிட்டாள் அன்றைக்கு, நல்ல மருமகள். ஆக, ஒரு மாதிரி நினைப்பது மீஞ்சூரில் யாரும் இல்லை. நீதான். நான் இரண்டு வீட்டுக்காரர்களை முன்னால் நிறுத்தி ஒளிந்துகொண்டது மாதிரி நீ உன் மாமனார் வீட்டை நிறுத்தி ஒளிந்துகொள்கிறாய். என் வயிற்றில் பிறந்தவன் வேறு எப்படி இருப்பாய்? உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

உன் டாடி விஷயத்தை ஷெரினிடம் சொல்லிவிடு. தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லவும் என்று மூன்று ஞாயிறு கேட்கிற கோயிலில், தெரிந்ததை மறைத்துக்கொண்டு நிற்காதே. அந்தப் பெண் ஓடிப்போக மாட்டாள். ஓடிப்போனால் பிரியாணிக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசிக்கிறேன், இருந்தாலும் சொல்.

இன்னொன்று. நீ வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னாலேயே பிலோ அதைச் சொல்லிவிட்டாள். போன வாரம் பத்திரிகையை நீட்டினேன், வாங்கவில்லை. "கண்ணாலத்துக்கு நான் வர்லக்கா. புள்ள சங்கடப்படுவான். வூட்லர்ந்தே ஜெபம் பண்றேன்" என்றாள். உன் மனசை என்னைவிட அவள் முன்னால் படித்துவிட்டாள். நான் எவ்வளவோ கெஞ்சினேன், அசையவில்லை. ஆனால் அவள் கட்டில் மேல் ஒரு ஜவுளிக்கடைக் கவர் இருந்தது, பிரிக்காமல். ஓரத்தில் மெரூன் பட்டுக் கரை தெரிந்தது. வராதவள் எதற்கு நைனா பட்டுப்புடவை எடுப்பாள்? நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் தலையணையை அதன்மேல் எடுத்து வைத்தாள்.

நான் கூப்பிட்டு அவள் வர மாட்டாள். நீ கூப்பிட்டால்தான் வருவாள். கோயிலில் கொடுத்த கல்யாண ஃபாரம் என்னிடம்தான் இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்துப் போட மாப்பிள்ளை வீட்டுச் சாட்சி யார் என்று கேட்டு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக அதை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். உன் பெரியப்பா பெயரை எழுதலாம், ஊரே மெச்சும். பிலோ சாட்சியாக இருக்கலாமா என்று சாமியாரைக் கேட்டேன். "பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்றவங்கதாம்மா சாட்சி" என்றார். அப்படிப் பார்த்தால் நம் குடும்பத்தில் நடந்ததையெல்லாம் பார்த்தவள் அவள்தான், பார்த்த பிறகும் வந்தவள் அவள்தான். கோயில் பட்டியல் ஒன்றில் அவள் பெயரை விட்டது என் கை. கோயில் பதிவேட்டில் அதை ஏற்றுவது உன் கையாக இருக்கட்டும். நீ மாட்டேன் என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பொய், நிறையச் சொல்வேன். ஆனால் அந்தக் கோட்டில் நானாக எதையும் எழுத மாட்டேன். அதை உனக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடித்து காலடிப்பேட்டை வந்துவிடு. உன் டாடி புது ஷூவோடும் மஞ்சள் ஆட்டோவோடும் கீழே நிற்பார். தட்டு, பழம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை எல்லாம் ஆட்டோவிலேயே இருக்கும். நேராக வீட்டுக்கு வராதே. முதலில் பச்சைக் கதவுக்குப் போ. தெருவில் யாராவது எட்டிப் பார்த்தால் நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாக நடந்து போ. நான் வர மாட்டேன், நான் வந்தால் எனக்காக வந்தாய் என்று நினைப்பாள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்வாள், மூன்றாவது தடவையும் கேள். அப்புறம் உட்காரச் சொல்வாள், உட்கார். அவள் சும்மா அனுப்புகிறவள் இல்லை, ஒரு தட்டில் சுண்டல் போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். வயிறு நிறைந்திருக்கிறது, பேண்டில் சிந்தும், வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றெல்லாம் சொல்லாதே. அங்கேயே, அவள் கண் எதிரில், கடைசிக் கடலை வரைக்கும் சாப்பிட்டுவிட்டு வா.